அரை நாலுக்கு வந்த பஸ்

கறுப்பு மணல். கண்ணை மூடினால் இன்றைக்கும் அதுதான் முதலில் வருகிறது. அடுப்புக் கரியை இடித்து அரித்துக் கொட்டினதுபோல ஒரு கடற்கரை. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நான் அதில் நிற்கிறேன். எனக்குப் பின்னால், கல்லுப் படிக்கட்டுக்கு மேலே, பதின்மூன்று சுவிஸ்காரர் நின்று தங்கள் தங்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள்.

மணி மூன்று நாற்பது. பஸ் வரவில்லை.

பஸ் பத்து நிமிஷம் பிந்தினால் சுவிஸ்காரரின் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அன்று அவர்களைவிட அதிகமாக நெஞ்சு அடித்தது எனக்குத்தான். அந்த பஸ் என்னை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால், சுவிஸில் துன் என்கிற ஊரில் இருக்கிற என் வீடு என் கையை விட்டுப் போய்விடும்.

ஒரு பஸ்ஸுக்கும் ஒரு வீட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஆறுதலாகச் சொல்கிறேன். எனக்கு வேகமாக எழுத வராது.

கைப்பைக்குள் ஒரு கடிதம்

வாடகை வீட்டை விடுகிறோம் என்று எழுதிக் கொடுக்கிற கடிதத்துக்கு ஜெர்மன் மொழியில் 'குண்டிகுங்' என்று பெயர். வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டு எங்கள் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்ட சுவிஸ்காரருக்கு விளங்கப்படுத்தவும் முடியாது. ஆனால் அது தன் கைக்கு வந்த பிறகு சிரித்தவரை நான் இன்னும் காணவில்லை.

என் குண்டிகுங் என் மகள் சுகந்தியின் கைப்பைக்குள் இருந்தது. அவளே வடிவாக எழுதி, அடித்து எடுத்து வைத்திருந்தாள். கீழே ஒரு கோடு. அதன் மேலே நான் என் பெயரைத் தமிழில் எழுதிவிட்டால் சரி. பிறகு சூரிச்சில் மகன் ரூபன் வீட்டில் எனக்கு ஒரு அறை. பச்சைத் திரைச்சீலைகூடப் போட்டாயிற்று.

நல்ல பிள்ளைகள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுத் துறப்பு, அந்தச் சாவி, என் கையில் இருக்க வேண்டும். நானே பூட்டி நானே திறக்கிற கதவு.

இவ்வளவும் எதனால் வந்தது? போன மாரியில் பேர்ன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ரயிலில் சூடு நன்றாகப் போட்டிருந்தார்கள். கண் அயர்ந்துவிட்டது. துனில் இறங்காமல் மலைக்கு அந்தப் பக்கம் ப்ரிக் வரைக்கும் போய்விட்டேன். அங்கே ஒரு பெடியன் கோப்பி வாங்கித் தந்து, அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பிள்ளைகள் 'அம்மா வழி தவறிப்போட்டா' என்று கதைக்கத் தொடங்கினார்கள்.

நான் தவறிப்போகவில்லை. நித்திரையாகிப் போனேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

'அம்மாவுக்கு ஒரு மாறுதல் வேணும்' என்று சொல்லி சுகந்தி என்னை ஒரு கிழமைக்கு வெயில் தேடிக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்பெயின்காரரின் தீவு அது. ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. புவெர்த்தெவெந்துரா என்று பெயர். இந்தப் பெயரை நான் சரியாகச் சொன்னதே கிடையாது. அங்கே தீவைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் பஸ் பயணம் பதிந்து வைத்திருந்தாள். அதற்கு முதல் நாள் ஹோட்டல் நீச்சல் குளத்தடியில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டாள்.

"விடுங்கோ அம்மா, அந்தப் பயணம் போனாப் போகட்டும்" என்றாள், காலில் ஐஸை வைத்துக்கொண்டு.

"நான் போறன்."

"தனியவோ?"

"ஏன், பஸ்ஸுக்குள்ள வேற சனம் இல்லையோ?"

"அங்க எழுதியிருக்கிற ஒரு போர்டு வாசிப்பியளோ நீங்கள்?"

"முப்பது வருஷம் ஒரு போர்டும் வாசிக்காமத்தான் வேலைக்குப் போய் வந்தனான். வாய் இருக்குப் பிள்ளை."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். என் பிடிவாதம் அவளிடமும் இருக்கிறது.

"சரி, போங்கோ. பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு பிழையும் இல்லாமல் இந்த வாசலுக்கு வந்தியளெண்டால், கடிதத்தைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டன். ஏதும் நடந்துதோ, நீங்கள் வாய் திறக்காமல் கையெழுத்து வைக்கவேணும்."

"ஓம். வைக்கிறன்."

ஒன்றுமில்லாத தீவு

காலையில் பஸ் ஏறும்போது எனக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது. முன் ஆசனம் கிடைத்தது. வழிகாட்டி பிலார் அந்தத் தீவிலேயே பிறந்தவள், நாற்பது வயதிருக்கும். அவள் கதைத்த ஜெர்மன் என் ஜெர்மனைப் போலவே நொண்டி நொண்டி வந்தது. கேட்டவுடனேயே பிடித்துவிட்டது.

எனக்கு அடுத்த பக்கத்தில் ஒரு வயதான சோடி, ரூத்தும் ஹன்ஸும். ரூத் முன்பு பள்ளிக்கூட ரீச்சர். ஹன்ஸ் நாற்பது வருஷம் ரயில்வேயில் இருந்தவராம். ஏறி இருந்த உடனேயே மணிக்கூட்டைப் பார்த்து, "இரண்டு நிமிஷம் பிந்திப் புறப்படுது" என்றார்.

ஊர்கள் முடிந்து மலைகள் தொடங்கின. மரம் என்று ஒன்று இல்லை. சுட்ட ரொட்டியின் நிறத்தில் ஒரு மலை, அதற்குப் பின்னால் காவி நிறத்தில் ஒன்று, அதற்கும் பின்னால் கறுவாப்பட்டை நிறத்தில் ஒன்று. எல்லாம் உருண்டு வழுவழுப்பாக, பெரிய மிருகங்கள் படுத்திருப்பதுபோலக் கிடந்தன. மேகத்தின் நிழல் அவற்றின் முதுகில் ஊர்ந்து போனது. நான் கண்ணாடியில் நெற்றி முட்ட முட்டப் பார்த்தேன்.

"இங்க ஒண்டுமே இல்லையே" என்றார் ஹன்ஸ்.

"ஒண்டுமில்லையோ! அங்க பாருங்கோ" என்று நான் காட்டினேன். பள்ளத்தில் சதுரம் சதுரமாகத் தட்டை நிலம், சுற்றிவர இடுப்பளவு மண் வரம்பு. "மழை வந்தால் மலையால ஓடி வாற தண்ணியை உதுக்குள்ள மறிச்சு வைச்சு விதைப்பினம். வருஷத்தில ஒருக்காத்தான் வரும். ஆனால் வரும்."

பிலார் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நானும் தண்ணி இல்லாத தீவில பிறந்தவள்தான்" என்றேன். யாழ்ப்பாணத்துக்கு அப்பால் சின்னத் தீவுகளில் பிறந்த எங்களைப் பட்டினத்துச் சனம் 'தீவார்' என்று நக்கலடித்ததை அவளுக்குச் சொல்லவில்லை. அன்று அந்தப் பட்டம் எனக்குக் கிரீடம் மாதிரி இருந்தது. பஸ்ஸில் எல்லோரும் என் விரல் காட்டும் பக்கம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

மலை உச்சியில் இறங்கினபோது காற்று என் சால்வையைப் பறித்துக்கொண்டு போனது. ஒரு அணில் கல்லுக்குப் பின்னாலிருந்து எழும்பி நின்று என்னைப் பார்த்தது. சால்வையை ஹன்ஸ்தான் துரத்திப் பிடித்தார். ரூத் கைதட்டினாள்.

மா தின்ற ரயில்காரர்

அதற்குப் பிறகு பெத்தன்கூரியா என்று ஒரு கிராமம். மலைகளுக்கு நடுவில், உள்ளங்கைக்குள் வைத்ததுபோல வெள்ளை வீடுகளும் சில பேரீச்சை மரங்களும். ஒரு பழைய வீட்டு முற்றத்தில் தண்ணீர் வடிக்கிற கல்லைக் காட்டினார்கள். கிண்ணம்போலக் குடைந்த கல். மேலே ஊற்றுகிற தண்ணீர் கல்லுக்குள்ளாலேயே கசிந்து கீழே இருக்கிற பானைக்குள் சொட்டுகிறது. கல்லில் பச்சைப் பசேலென்று பன்னச் செடி முளைத்திருந்தது. தீவு முழுவதும் பச்சையைக் காணாத கண்ணுக்கு அது மரகதம். நான் அந்தக் கல்லில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். குளிர் பல்லுவரை போனது.

கிராமத்து ஆட்டுப் பட்டியில் பாற்கட்டி விற்றார்கள். பக்கத்தில் ஒரு கோப்பை நிறைய வறுத்த மா. 'கோஃபியோ' என்றாள் பிலார். நான் மணந்து பார்த்தேன். எங்கள் சத்துமாவேதான். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணைக் கட்டித் தந்திருந்தால் வித்தியாசம் சொல்லியிருக்க மாட்டேன்.

ஹன்ஸ் ஒரு பெரிய கரண்டி மாவை அப்படியே வாய்க்குள் போட்டார்.

"ஐயோ, வேண்டாம்!" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. மனுஷன் இருமினார். புகைக்கூண்டால் வருவதுபோல மூக்காலும் வாயாலும் மா பறந்தது.

"நீராவி ரயில்!" என்றாள் ரூத், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

நான் மாவில் தேனும் வாழைப்பழமும் போட்டுக் கையால் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுத்தேன். பட்டிக்காரி என் கையைப் பிடித்து ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். "இங்கயும் இப்பிடித்தான் பிசைவினமாம், உங்களுக்கு ஆர் காட்டித் தந்தது எண்டு கேக்கிறா" என்றாள் பிலார். ஹன்ஸ் மூன்று உருண்டை சாப்பிட்டார்.

சிவப்பு மிளகாய்த் தூளும் எண்ணெயும் பூசின பாற்கட்டி ஒன்று வாங்கி, ஒரு மெல்லிய பையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். இந்தப் பாற்கட்டியை மறந்துவிடாதீர்கள்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு மேற்குக் கரையில் அஹூய் என்கிற மீன்பிடிக் கிராமத்தில் பஸ் எங்களை இறக்கியது. கறுப்பு மணல் அங்கேதான். கடல் குகைகளைப் பார்க்கலாம், பழைய சுண்ணாம்புச் சூளைகளைப் பார்க்கலாம், மீன் சாப்பிடலாம் என்றாள் பிலார். பஸ் நிற்க அங்கே இடம் போதாது. சாரதியோடு அவள் அடுத்த ஊருக்குப் போய்விட்டு வருவாள்.

"ஹல்ப் ஃபியர் மணிக்கு இதே இடம்!" என்று சொல்லிக் கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

'ஹல்ப்' என்றால் அரை. 'ஃபியர்' என்றால் நாலு. அரை நாலு. சுவிஸ்காரருக்கு அது மூன்றரை மணி.

வராத மணியும் போன மணியும்

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

துனில் ஒரு ஹோட்டலில் துணி தோய்க்கிற இடத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. முதலாளி, 'நாளைக்குக் காலையில் ஹல்ப் ஸெக்ஸ்' என்று சொன்னார். ஆறு என்றும் அரை என்றும் எனக்கு விளங்கியது. ஆறும் அரையும் ஆறரை அல்லவா? பத்து நிமிஷம் முந்தி, ஆறு இருபதுக்கே போய் நின்றேன். தலைமுடியை இறுக்கிப் பின்னி, நல்ல பிள்ளையாக.

அங்கே படுக்கை விரிப்புகள் மலைபோலக் கிடந்தன. எனக்கு மேலாள் மரியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கூப்பிட்டது ஐந்தரைக்கு. முதல் நாளே ஐம்பது நிமிஷம் பிந்தி வந்தவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது.

மரியா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள்.

"நானும் முதல் நாள் இப்பிடித்தான் வந்தனான்" என்றாள். "நான் ஸ்பெயின்காரி. நாங்கள் போன மணித்தியாலத்தை எண்ணுவம். ஆறு போய், அதுக்கு மேல அரை. இவையள் வராத மணித்தியாலத்தை எண்ணுவினம். ஆறு இன்னும் வரேல்லை, அதில அரைவாசி வந்திட்டுது எண்டுவினம்."

முதலாளிக்கு அவள் சொல்லவில்லை. விரிப்புகளை இருவருமாக அள்ளி எறிந்து, எட்டு மணிக்குள் வேலையைப் பிடித்துவிட்டோம். அன்றிலிருந்து வேலைக்கு நான் ஒரு நாளும் பிந்தியது கிடையாது. வராத மணியை எண்ணப் பழகிவிட்டேன். பழகிப் பழகி, பழைய கணக்கே மறந்துபோனது.

பெருவிரல்

ஆகவே அன்றும் மற்றவர்களைப்போல நான் மூன்றரைக்கே படிக்கட்டடிக்கு வந்துவிட்டேன். வயிற்றில் பொரித்த மீன், கையில் பாற்கட்டிப் பை, சப்பாத்துக்குள் கறுப்பு மணல். அப்படி ஒரு சந்தோஷம். குகைக்குள் அலை அடித்த சத்தம் இன்னும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்று நாற்பது. மூன்று ஐம்பது. மலைச்சரிவு மறைத்து நின்றதால் ஒருவருடைய கைபேசிக்கும் தொடர்பு இல்லை. சாப்பாட்டுக் கடைக்குள் இருந்த தொலைபேசியில் ரூத் பிலாருக்கு எடுத்தாள். மணி அடித்தது, ஆள் இல்லை. ஹோட்டலுக்கும் எடுத்து, பஸ் வரவில்லை, நாங்கள் கடற்கரையில் நிற்கிறோம் என்று சொல்லிவிட்டாள்.

ஹோட்டலுக்குச் சொன்னால் சுகந்திக்கும் போய்விடும். அவள் கைப்பையைத் திறக்கிறதும் பேனையைத் தேடுகிறதும் என் கண்ணுக்குள் வந்தது.

ஹன்ஸ் கடைக்காரனிடம் சொல்லி டாக்ஸிகளுக்கு ஒழுங்கு செய்தார். "அரை மணித்தியாலத்தில வரும். ஒருதரும் விலகக்கூடாது. பிலாரைப் பற்றி நாளைக்கு எழுத்தில முறைப்பாடு குடுப்பம்."

முறைப்பாடு என்ற சொல் காதில் விழுந்தபோதுதான் அந்தப் பெண்ணின் முகம் என் நினைவுக்கு வந்தது. முகத்தோடு கையும் வந்தது. 'ஹல்ப் ஃபியர்' என்று சொல்லும்போது அவள் கையை உயர்த்தினாள். மற்றவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். நான் கையைப் பார்த்தேன். அவர்களின் எழுத்தை வாசிக்கத் தெரியாதவள் எப்போதும் கையைத்தான் பார்ப்பாள். நாலு விரலை நீட்டினாள். பிறகு பெருவிரலைப் பாதி மடக்கி, அதற்குப் பக்கத்தில் ஆட்டினாள்.

நாலு. அதற்கு மேல் அரை.

"ஐயோ, மரியா!" என்று நான் தமிழில் கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ நாலரைக்கு வருவா" என்றேன். "ஸ்பெயின்காரர் எங்களைப்போல எண்ணுறவை. போன மணியை எண்ணுறவை. டாக்ஸி வேண்டாம், நில்லுங்கோ."

"ஃபிராவ் செல்லையா" என்று என் பெயரைச் சொல்லி மரியாதையாகத்தான் தொடங்கினார் ஹன்ஸ். "ஹல்ப் ஃபியர் எண்டால் மூண்டரை. நாற்பது வருஷம் நான் நேரத்தோடதான் வேலை செய்தனான்."

"நான் அந்த நேரத்தாலதான் ஒருக்கா வேலையை இழக்கப் பாத்தனான்" என்றேன். "நீங்கள் எல்லாரும் டாக்ஸியில போனால், அவ வந்து வெறும் மணலைப் பாப்பா. நாளைக்கு அவவுக்கு வேலை இருக்குமோ?"

ஹன்ஸ் திரும்பவும் மணிக்கூட்டைப் பார்த்தார்.

நாலு இருபதுக்குத் தூசியைக் கிளப்பிக்கொண்டு டாக்ஸிகள் வந்தன. சனம் ஏறத் தொடங்கியது. ரூத் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்களும் வாங்கோ. தனிய நிண்டு என்ன செய்வியள்?"

உண்மையைச் சொல்கிறேன், டாக்ஸிப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன். ஏறினால் ஆறு மணிக்கு முன்னமே மகளிடம் போய்விடலாம். வீடு மிஞ்சும். ஏறாமல் நின்று பஸ்ஸும் வராவிட்டால், பிள்ளைகள் சொன்னது முழுக்கச் சரியாகிவிடும்: அம்மா தவறிப்போட்டா.

"நான் நிக்கிறன்" என்றேன்.

ரூத் காலை வெளியே எடுத்தாள். "அப்ப நானும் நிக்கிறன்" என்று இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். ஹன்ஸ் டாக்ஸிக் கதவைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவியை விட்டுவிட்டுப் போக அவரால் ஏலாது. மற்றவர்களும் ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் தடுமாறினார்கள்.

அப்போதுதான் வளைவில் ஹோர்ன் சத்தம் கேட்டது.

நாலு இருபத்தாறு. எங்கள் பஸ்! பிலார் கதவடியில் நின்றுகொண்டு, ஒரு பை நிறையத் தோடம்பழத்தை உயர்த்திக் காட்டினாள். நான் வயதை மறந்து அந்தக் கல்லுப் படியில் நின்று துள்ளினேன்.

"ஏன் டாக்ஸி? ஆருக்கும் சுகமில்லையோ?" என்று இறங்கி ஓடி வந்தாள்.

"நீங்கள் ஹல்ப் ஃபியர் எண்டு சொன்னியள்!" என்றார் ஹன்ஸ்.

"ஓம், ஹல்ப் ஃபியர்!" அவள் மணிக்கூட்டைக் காட்டினாள். "பாருங்கோ, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

ரூத் முதலில் சிரித்தாள். பிறகு ஒவ்வொருவராக. ஹன்ஸ் டாக்ஸிக்காரரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். முறைப்பாட்டுக் கதையை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. திரும்பும் வழியில் பிலாரை என் பக்கத்தில் இருத்தி, மரியா எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். "நாலரை எண்டால் சுவிஸ்காரருக்கு 'ஹல்ப் ஃபுன்ஃப்', அரை அஞ்சு எண்டு சொல்லவேணும் பிள்ளை. வராத மணியை எண்ணு." அவள் தலையில் அடித்துக்கொண்டு, தோடம்பழம் உரித்து எனக்கு ஊட்டிவிட்டாள்.

ஆறு மணி

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்க ஹோட்டல் வாசலில் இறங்கினேன். சுகந்தி கட்டுப் போட்ட காலை ஒரு கதிரையில் நீட்டிக்கொண்டு வாசலிலேயே இருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"நான் அப்பவே சொன்னன்தானே அம்மா! கடற்கரையில விட்டிட்டுப் போட்டினமாம்..."

நான் வாய் திறக்குமுன் ஹன்ஸ் முன்னுக்கு வந்தார். நடந்ததை அவரே ஒன்று விடாமல் சொன்னார், தான் டாக்ஸி பிடித்ததையும் சேர்த்து. கடைசியில், "உங்கட அம்மா ரயில்வேக்கு வந்திருந்தால், நான் அவவுக்குக் கீழதான் வேலை செய்திருப்பன்" என்று சொல்லித் தொப்பியைத் தூக்கினார்.

சுகந்தி இருந்தபடியே குனிந்தாள். என் காலில் ஒட்டியிருந்த கறுப்பு மணலைத் தன் கையால் தட்டிவிட்டாள்.

மறுநாள் காலை பெட்டி கட்டினோம். மெல்லிய பையைத் தாண்டிப் பாற்கட்டியின் சிவப்பு எண்ணெய் ஒழுகத் தொடங்கியிருந்தது.

"உடுப்பெல்லாம் பாழாப் போகப்போகுது. கடுதாசி ஏதும் இருக்கோ?" என்றேன்.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த அந்தக் கடிதத்தை எடுத்தாள். விரித்து, பாற்கட்டியை நடுவில் வைத்து, நாலு மூலையையும் இழுத்து இறுக்கிச் சுற்றிக் கொடுத்தாள்.

"இந்தாங்கோ" என்றாள். அவ்வளவுதான்.

துனுக்கு வந்து என் துறப்பால் என் கதவைத் திறந்து, குசினி மேசையில் வைத்து அதை அவிழ்த்தேன். வீடு முழுக்க ஆட்டுப்பால் மணம். கடிதத்தின் அடியில், என் பெயருக்கென்று விட்டிருந்த கோட்டின் மேலே, எண்ணெய் ஊறி வட்டமாக ஒரு சிவப்புக் கறை.

அந்த நேரம் சுகந்தி தொலைபேசி எடுத்தாள். "போய்ச் சேர்ந்திட்டியளோ அம்மா? என்ன செய்யிறியள்?"

"உன்ர கடிதத்தைப் பாக்கிறன். கையெழுத்து விழுந்திட்டுது பிள்ளை."

"என்ன? ஆர் வைச்சது?"

"ஆடு" என்றேன்.